ராஜபாய் சொன்ன நரிச்சீறு

ராஜபாய் உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போகும். கல்யாண மண்டபத்தில் நாற்காலி கிடைத்தால் கெட்டிமேளச் சத்தத்தில்தான் கண் திறப்பாள். இதைப் பார்த்துவிட்டு அவளைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால், சொன்னவர் ஒரே ஒரு நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்து பார்க்கட்டும்.

பாறசாலைக்குப் பக்கத்தில், நாலு வீடு தள்ளிப் போனால் தமிழ்நாடு என்கிற எல்லையோர வார்டில் அவள் ஆஷா, வீடு வீடாகப் போகிற சுகாதார வேலை பார்க்கிறாள். கர்ப்பிணிக்கு மாத்திரை, குழந்தைக்கு ஊசி, படுக்கையில் கிடக்கிற பெரியவருக்குப் புண் கழுவ ஆள், கிணற்றுக்குக் குளோரின், கொசு முட்டையிடுகிற தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துப் போடுவது, எல்லாம் அவள் தலையில். ஒரு வீட்டில் இருமல் என்றால் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் வரும். வீட்டுக்குப் போனால் அங்கே சுகுமாரன். கொத்தனாராக இருந்த மனிதர், சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனபின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, கஞ்சி கொடுத்து, மறுபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். என்ன செய்ய, பிறந்த பிறப்பு அப்படி.

இதற்கு நடுவே அவள் பையை இறக்கி வைக்கிற இடம் ஒன்றே ஒன்று. ரோடு வளைகிற இடத்தில் இருக்கிற கிருஷ்ணம்மாவின் சாயாக்கடை. கிருஷ்ணம்மாவின் புருஷன் எப்போதோ வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். மகள் நீது மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். கிருஷ்ணம்மாவுக்கு என்று மிஞ்சியிருப்பது அந்தக் கடையும், அதில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கிற பழம்பொரியும்தான். கடை போனால் கிருஷ்ணம்மா போனாள், அவ்வளவுதான் கணக்கு. ராஜபாய் அவளிடம் சொல்லாத சங்கடம் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து அவள் தூங்கிப்போனால், வாய்க்குள் ஈ போகாமல் துண்டால் விசிறுகிறவள் கிருஷ்ணம்மா.

வடக்கு ஜில்லாவில் நிபா காய்ச்சல், வவ்வால் கடித்த பழத்தால் பரவும் என்று டிவியில் ஓட ஆரம்பித்ததும் பெருங்கடவிளையில் வகுப்பு வைத்தார்கள். எந்த வவ்வால் பழம் தின்னும், எது பூச்சி பிடிக்கும், இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண். பொறுமையாகத்தான் பேசினாள். ஆனால் மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, திரையில் படம் போட்டால் ராஜபாய் என்ன செய்வாள்? தலைக்கு மேல் ஃபேன் வேறு. "பெரிய வாவல் பழம் தின்னும், சின்ன நரிச்சீறு பூச்சி பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள்" என்பது வரை அவள் காதில் விழுந்தது. அதற்கப்புறம் விழுந்தது பக்கத்து நாற்காலிக்காரியின் முழங்கைதான். அப்போது சாயாவும் வடையும் வந்துவிட்டிருந்தன.

கேட்ட மட்டும் போதும் என்று அதையே ஒரு சூத்திரமாக உருட்டி வார்டு முழுக்கக் கொண்டுபோனாள். "பருந்து கணக்கா இருந்தா வாவல். அது கடிச்ச பழத்தத் தொடப்பிடாது. கோழிக்குஞ்சு கணக்கா இருந்தா நரிச்சீறு. அது பழத்தப் பக்கமே போவாது. பேடிக்காண்டாம், பயமே வேண்டாம்." சொல்ல எளிது, கேட்க எளிது. வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமலே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

பொழியூரிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற பெர்த்தாதான் முதலில் பார்த்தாள். கடைக்குப் பின்னால் நிற்கிற சூண்டப்பனையின் காய்க்குலைக்குள், சடைசடையாகத் தொங்குகிற காய்களுக்கு நடுவே, கறுப்பாக நாலைந்து உருண்டைகள். கை கழுவப் போனவள் போட்ட கூச்சலில் கடையே எழுந்து நின்றுவிட்டது.

"எடீ கிருஷ்ணம்மா, ஒனக்க கடைக்குப் பொறத்த வாவல் தூங்கிக் கெடக்குதே! இதுக்க அடியில வச்சா எங்களுக்குச் சாயா போடுத?"

வாய்விட்டுச் சொன்னதோடு நிற்காமல், மீன் விற்கிற வீடு வீடாக அதையும் சேர்த்து விற்றுக்கொண்டு போனாள் மகராசி. மறுநாள் கடையில் ஈ ஆடவில்லை. பழம்பொரி தட்டிலேயே ஆறிப் போய்க் கிடந்தது. கிருஷ்ணம்மா ராஜபாய்க்குப் போன் போட்டு அழுதாள்.

ராஜபாய் போனபோது உச்சி வெயில். அதற்கு முன் இரண்டு பிரசவ வீடும் ஒரு சாவு வீடும் முடித்திருந்தாள். கடைக்குப் பின்னால் கூரை இறக்கியிருந்த சாய்ப்பின் ஓரத்தில் நின்று, கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். சிறகை மடக்கிக்கொண்டு தலைகீழாகத் தூங்குகிற உருண்டைகள். கோழிக்குஞ்சு அளவு. கழுத்து வலித்தது. திரும்பி வந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"இது நரிச்சீறாக்கும் மக்கா. கொசுவும் பூச்சியும் பிடிச்சுத் திங்கும். ஒண்ணும் செய்யாது. இருந்து குடியுங்க."

பெர்த்தா உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தன் வாய்க்கு இவ்வளவு மதிப்பா என்று ராஜபாய்க்கே ஆச்சரியம். மாதாமாதம் வர வேண்டிய பணத்தைக் கேட்டு எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறாள், அங்கெல்லாம் எடுபடாத வாய் இது. அன்றைக்கு மனது நிறைந்துதான் வீட்டுக்குப் போனாள்.

அந்த நிறைவுக்குப் பொன்னப்பன் வைத்தார் ஆப்பு. ரிட்டையரான டிரைவர். பூட்டிக் கிடக்கிற அண்ணன் வீட்டுக்கு அவர்தான் காவல். சாயங்காலம் அந்த வீட்டு ஓட்டின் இடைவெளியிலிருந்து பெரிது பெரிதாக ஏதோ பறந்து போவதைப் பார்த்திருக்கிறார். ராஜபாயின் சூத்திரம் அவருக்கு மனப்பாடம். நாலு பையன்களைக் கூட்டி, ஜன்னலை அடைத்து, தேங்காய்ச் சகிரியும் வற்றல் மிளகாயும் போட்டுப் புகை மூட்டிவிட்டார். மருந்து தெளிக்க வரச்சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினார்.

"நீ பேடிக்காத ராஜபாயி. பருந்து கணக்கா பறந்ததாக்கும், எனக்க கண்ணால கண்டேன். ஒண்ணையும் விடல்ல" என்றார். பரிசு வாங்க நிற்கிற பிள்ளையின் முகம் அவருக்கு.

செத்தவற்றை மம்மட்டியால் வாரிப் பழைய பேப்பரில் போட்டிருந்தார்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ராஜபாய் குனிந்து பார்த்தாள். சிறகு மடங்கிக் கிடந்த ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அளவுதான் இருந்தது. முகத்தைப் பார்த்ததும் திக்கென்றது. தலையைவிடப் பெரிய இரண்டு காது, நெற்றிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மூக்கின் மேல் ஒரு தோல் இலை நிமிர்ந்து நின்றது. அவை தொங்கிய உத்தரத்துக்குக் கீழே பழக்கொட்டை ஒன்றுகூட இல்லை. தவளைக் கால், பல்லி வால், வெட்டுக்கிளிச் சிறகு இவைதான் சிதறிக் கிடந்தன.

போட்டோ எடுத்து ஜிஜி சிஸ்டருக்கு அனுப்பினாள். ஜிஜி ஆஸ்பத்திரி நர்ஸ், அவளுக்கு மேலே இருக்கிறவள், வயதில் சின்னவள். உடனே கூப்பிட்டாள்.

"சேச்சி, இத ஆரு கொன்னது? மூக்குல இலை நிக்கிறத பாத்தீங்களா? இது பழம் திங்கிற வாவல் இல்ல. தவளையும் பல்லியும் எலியும் பிடிச்சு ஜீவிக்கிற ஜந்து. பாவம், இதுகள எதுக்குக் கொல்லணும்?"

"பெரிசா பறந்ததுன்னு சொன்னாவ மோளே."

"அளவு பாத்துச் சொல்லக் கூடாதுன்னு வகுப்பில அவ்வளவு நேரம் சொன்னாங்களே சேச்சி! படமும் குரூப்பில போட்டேன். கண்டீங்களா?"

"கண்டேன்" என்றாள் ராஜபாய். காணவில்லை. அந்தக் குரூப்பில் ஒரு நாளைக்கு நூறு வரும். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கு நடுவில் போலியோ சொட்டு மருந்தும், அதற்கு நடுவில் யாரோ வீட்டு முதலாண்டு நினைவு நாளும். யார் தேடுவது?

அன்று சாயங்காலம் சுகுமாரனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தேடினாள். கட்டைவிரல் வலிக்கத் தள்ளித் தள்ளிக் கடைசியில் கிடைத்தது. பழந்தின்னியும் பூச்சிதின்னியும் பக்கத்தில் பக்கத்தில். பழந்தின்னிக்கு நாய்க்குட்டி முகம். கண் பெரிசு, உருட்டி விழிக்கிற கண். மூக்கில் இலை கிடையாது. சிறகில் கட்டைவிரல் நகம் போக, அடுத்த விரல் நுனியிலும் ஒரு குட்டி நகம் உண்டு. பூச்சிதின்னிக்கு அந்த இரண்டாவது நகம் இல்லை. கண் கடுகு மாதிரி. சிலதுக்கு மூக்கில் இலை இருக்கும், சிலதுக்கு இருக்காது. கீழே இன்னொரு படம். அளவில் சின்னதாகவே இருக்கிற ஒரு பழந்தின்னி. அதன் காது ஓரம் முழுக்க வெள்ளை வரி, ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வைத்துத் தைத்த மாதிரி. இது பனைக்குலைக்குள் தொங்கும், நரிச்சீறு என்று ஏமாறாதீர்கள் என்று எழுதியிருந்தது.

ராஜபாய் போனைக் கவிழ்த்து வைத்தாள். சிறகை விரித்தால் எல்லாம் பருந்து, மடக்கினால் எல்லாம் கோழிக்குஞ்சு. இது தெரியாமல் சூத்திரம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒரு வீட்டு நரிச்சீறுக் கூட்டத்தையே அது கொன்றுவிட்டது. அப்படியென்றால் சூண்டப்பனையில் தொங்குவது? கடவுளே, இந்தப் படத்தைத் திறக்காமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது அவளுக்கு. இவ்வளவு நடையும் நடந்து, இவ்வளவு பேச்சும் பேசி, இனி எல்லா வாசலிலும் ஏறி நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டுமா? கால் ஒத்துக்கொள்ளாது. அதைவிட, கிருஷ்ணம்மா? அந்தக் கடை நிற்பதே இவள் சொன்ன ஒரு சொல்லில்.

விடிந்ததும் கடையின் பின்பக்கமாகப் போனாள். சாய்ப்பின் படியில் ஏறி நின்று போனை உயர்த்தி, படத்தைப் பெரிதாக்கினாள். முதலில் பனங்காய்தான் வந்தது. பிறகு ஒன்று தெளிவாக வந்தது. நாய்க்குட்டி முகம். அவளையே பார்க்கிற பெரிய கண். காதோரம் வெள்ளை. பக்கத்தில் ஒன்று சோம்பல் முறித்துச் சிறகை நீட்டியது. கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நுனியில், ரோஜா முள் அளவுக்கு, அந்த நகம் தெரிந்தது. போதும். இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை.

திரும்பினால், வாளியும் துடைப்பமுமாகக் கிருஷ்ணம்மா நிற்கிறாள்.

"கிருஷ்ணம்மா, நான் அன்னு சொன்னது தப்பிப் போச்சு. இது நரிச்சீறு இல்ல. வாவல்தான். பழம் திங்குத வகை."

கிருஷ்ணம்மா வாளியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தெனமும் விடியக்கால இந்தச் சாய்ப்பில சவச்சுத் துப்பின பேரக்காத் தோலயும் பாதாங்கொட்டயயும் ஆரு பெருக்குதா? நீயா வந்து பெருக்குத? பூச்சி திங்குததுக்கு என்னத்துக்குடீ பேரக்கா?"

ராஜபாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சோண்டா நான் சொன்னத கேட்டோண்டு நின்ன? என்னய இப்படி ஊருக்கு முன்னால முட்டாளாக்கிப்போட்டியே!"

"நான் எங்க ஆக்கினேன்? நீயே வந்த, நீயே மேல பாத்த, நீயே சொன்ன. ஆளு வந்து இருந்து குடிச்சாவ. பின்ன நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" கிருஷ்ணம்மாவின் குரல் இறங்கியது. "ஒரு கொறையும் வைக்கல்ல ராஜபாயி. வந்து பாரு. தண்ணித் தொட்டி மூடி வச்சிருக்கேன். பாலு மூடி. பழக்குலய வெளிய தூக்குததே இல்ல, உள்ள வலைக்குள்ளயாக்கும். கையில ஒறை மாட்டி, பிளீச்சிங் போட்டுக் கழுவின பொறவுதான் அடுப்பே பத்த வைக்கேன். நீ ஊருக்குச் சொல்லுதது எல்லாம் நான் செய்யுதேன்."

பார்த்தாள். அத்தனையும் உண்மை. ராஜபாய் போகிற வீடுகளில் இவ்வளவு சுத்தமாக ஒரு அடுக்களை கிடையாது. இங்கே சாயா குடிக்கிறவனுக்கு வாவலால் ஒன்றும் வரப்போவதில்லை, அதை அவள் சத்தியம் செய்து சொல்வாள். ஆனால் யார் கேட்பார்கள்? வாவல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

"சொல்லாத பிள்ளே" என்றாள் கிருஷ்ணம்மா. "நீது படிச்சு எறங்குதது வரைக்குமாவது. ஒனக்க காலப் பிடிக்கேன்."

ராஜபாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று அவளும் யோசிக்காமலில்லை. உடம்பில் இருந்த அசதியெல்லாம் சேர்ந்து அதைத்தான் சொன்னது, விட்டுவிடு, விட்டுவிடு என்று. ஆனால் கிருஷ்ணம்மா கூட்டிக் குவித்திருந்த கொய்யாத் தோல் கண்ணெதிரே கிடந்தது.

"இந்தப் பேரக்கா எங்கெருந்து வருதுன்னு யோசிச்சியா கிருஷ்ணம்மா? சத்தியபாய் வீட்டு மரம். அங்க பிள்ளேளு பள்ளிக்குப் போற வழியில கீழ கெடக்கத எடுத்துத் திங்குது. போன வாரம் நானே கண்டேன். பல்லு பட்டிருக்கே மக்களே, எறிஞ்சுபோடுன்னு சொன்னேன். அந்தச் சின்னப் பெண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? 'இங்க நரிச்சீறுதான் மாமி உண்டு, அது பழத்தத் தொடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க'ன்னு சொல்லிச்சு. அணிலு கடிச்சதா இருக்கும்னு நானும் வந்துட்டேன்."

கிருஷ்ணம்மா துடைப்பத்தால் அந்தத் தோலை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"அங்க வாவல்னு சொன்னா, எங்கெருந்து வருதுன்னு கேப்பாவ. எல்லாவனுக்கும் இந்தச் சூண்டப்பனை தெரியும். ஒன்னய ஒளிச்சு வச்சோண்டு அந்தப் பிள்ளேளுக்கு நான் எப்படிப் பிள்ளே சொல்லுதது?"

"அப்ப சொல்லு" என்றாள் கிருஷ்ணம்மா. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முன்பக்கம் ஸ்கூட்டர் வந்து நின்றது. பெர்த்தா வழக்கம்போல் பெரிய குரலில் சாயா கேட்டாள். கிளீட்டஸ் என்று ஒரு பெயின்டரும், பஸ்ஸுக்கு நிற்கிற மூன்று பேரும் ஏற்கெனவே டம்ளரோடு இருந்தார்கள். ராஜபாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. பின்னால கெடக்கது நரிச்சீறுன்னு நான் சொன்னேன். தப்பாக்கும். வாவல். காதுல வெள்ள வரி உண்டு, ரெண்டாம் வெரலுல நகம் உண்டு, இதோ படம். சின்னதா இருந்தாலும் பழம் திங்கும். கடிச்ச பழம் ஆரும் எடுக்கப்பிடாது, பிள்ளேளுட்ட சொல்லுங்க. வாவல் கெடந்தா உடனே தீனம் வந்துரும்னும் இல்ல. அத வெரட்டவும் வேண்டாம், புகை போடவும் வேண்டாம். இந்தக் கடையில எல்லாம் மூடி, சுத்தமாத்தான் இருக்கு. நான் பாத்தேன்."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெர்த்தா டம்ளரை வாயிலிருந்து எடுத்து அதற்குள் பார்த்தாள்.

"எனக்க மாதாவே! அப்ப இத்தர நாளும் நான் குடிச்சது?"

"சாயாவாக்கும் குடிச்ச. வெஷம் ஒண்ணும் குடிக்கல்ல" என்றாள் ராஜபாய்.

பெர்த்தா எழுந்தாள். பாதி டம்ளர் அப்படியே இருந்தது. "வரட்டா கிருஷ்ணம்மா, மீனு கெட்டுப் போவும்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வெயிலில் போய் நின்றுகொண்டார்கள். கிளீட்டஸ் மட்டும் மரியாதைக்கு மிச்சத்தைக் குடித்தான். குடித்த வேகத்தைப் பார்த்தால் மருந்து குடித்த மாதிரி இருந்தது. பிறகு அவனும் போனான்.

பெஞ்சு காலி. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றும் போடாமல் கிருஷ்ணம்மா அடுப்பை அணைத்தாள். ராஜபாய்க்கு அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், திட்டவும் வேண்டும். எதற்கும் தெம்பில்லை. இனிமேல் தினமும் காலையில் இங்கே வந்து உட்கார வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஆஷாவே குடிக்கிறாள் என்று ரோட்டில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதம் ஆகலாம். ஏற்கெனவே இருக்கிற வேலைகளோடு இது ஒன்று, சம்பளமில்லாத வேலை.

"ஒரு சாயா தா" என்றாள்.

கிருஷ்ணம்மா பாலை ஊற்றினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆற்றினாள். பிறகு டம்ளரின் மேல் கரண்டியை நிறுத்திக்கொண்டு, ராஜபாயின் முகத்தைப் பார்க்காமல், வழிப்போக்கர்களிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"சீனி வேணுமா?"

ராஜபாய்க்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் கிருஷ்ணம்மா. அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவள் சாயாவில் சீனி விழுந்ததில்லை, இப்படி ஒரு கேள்வியும் வந்ததில்லை.

"வேண்டாம்" என்றாள் ராஜபாய். டம்ளரை வாங்கிக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.